ஞாயிறுதோறும் ஒன்பது பாட்டு

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லையோர ஊர்களின் இளையோருக்கு ஒரு திறந்த மடல்



இஞ்சிவிளையிலும் செங்கலிலும் காரோட்டிலும் பனச்சமூட்டிலும் பொழியூரிலும் இருக்கும் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், சந்தையில் இரண்டும் என்று வளர்ந்தவர்கள் நீங்கள். உங்களில் பலருக்குத் தமிழ் பேச வரும், எழுத்துக்கூட்டிப் படிக்க வராது. ஆனாலும் தமிழ்ப் பாட்டும் மலையாளப் பாட்டும் உங்கள் வாயில் அடுத்தடுத்து வருகின்றன. பேருந்திலும் கல்யாண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் அதைக் கேட்டு மகிழ்ந்தவன் என்ற உரிமையில் உங்களிடம் ஒன்று கேட்கிறேன்.

வாரத்தில் ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரு தலைப்பில் ஒன்பது பாட்டைத் தேர்ந்தெடுத்து ஒருவருக்கொருவர் அனுப்புங்கள். நீங்களாகத் தேடிக் கண்டுபிடித்த பாட்டாக இருக்கட்டும். அது உங்களுக்கு எங்கே கிடைத்தது, அதில் எதைக் கேட்டு நின்றுபோனீர்கள் என்று பாட்டுக்கு இரண்டு வாக்கியம் சொல்லுங்கள். எந்த மொழிப் பாட்டு என்று பார்க்காதீர்கள்.

பாட்டு அனுப்புவது உங்களுக்குப் புதிதல்ல, தெரியும். நாள் முழுக்க ஏதாவது ஒன்று வந்துகொண்டேதான் இருக்கிறது. ஆனால் வந்த வேகத்தில் கீழே போய்விடுகிறது. முறை வைத்து, தலைப்பு வைத்து, காரணம் சொல்லிக் கொடுக்கும்போதுதான் கேட்பவர் அதற்காக நேரம் ஒதுக்குகிறார். நம் ஊருக்கு இது ஏன் கட்டாயம் வேண்டும் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பாட்டுச் செயலிகளில் நுழைந்தவுடன் உங்களுக்கு என்ன மொழி வேண்டும் என்று கேட்கிறார்கள். தமிழைத் தொட்டால் தமிழ்ப் பாட்டுகளாக அடுக்கப்படும், மலையாளத்தைத் தொட்டால் மலையாளப் பாட்டுகள். இரண்டையும் தொட்டாலும் இரண்டு தனி அலமாரிகள்தான். பிறகு நீங்கள் கேட்டதைப் பார்த்து, அதைப் போலவே இன்னொன்றை எடுத்து நீட்டுவார்கள். அதில் தப்பொன்றுமில்லை, வசதிதான். ஆனால் இரண்டு மொழியும் கலந்து பிறந்த பாட்டு எந்த அலமாரிக்குப் போகும்? இன்னும் பதிவே செய்யப்படாத பாட்டை யார் நீட்டுவார்கள்? நம் ஊரின் பெருஞ்செல்வம் இந்த இரண்டு வகைப் பாட்டிலும்தான் இருக்கிறது. அதை ஆளுக்கு ஆள் சொல்லிக் கொடுத்தால்தான் அது நிலைக்கும்.

தலைப்பு வைத்து ஒன்பது பாட்டு என்ற கணக்கை எங்கிருந்து எடுத்தேன் என்று கேட்பீர்கள். ஆண்டுதோறும் உங்கள் வாசல் வழியாகவே போகும் நவராத்திரி ஊர்வலத்திலிருந்துதான். நவராத்திரிக்கு முன்பு பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி யானைமீதும், வேளிமலை முருகனும் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் பல்லக்குகளிலும் புறப்படுகிறார்கள். முதல் இரவு குழித்துறையில் தங்கல். மறுநாள் களியக்காவிளையில் எல்லை கடந்து, பாறசாலை வழியாக வந்து, இரவு நெய்யாற்றின்கரையில் தங்கல். மூன்றாம் நாள் திருவனந்தபுரம். இரு மாநிலக் காவல்துறையும் மரியாதை செய்ய, ஊர்கூடி எதிரேற்று நிற்பதை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அந்தச் சரஸ்வதி கம்பர் வழிபட்ட தெய்வம் என்பது வழிவழியாக வரும் நம்பிக்கை.

அந்த ஊர்வலம் போய்ச் சேரும் இடத்தில் என்ன நடக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பத்மநாபசுவாமி கோயிலையொட்டிய நவராத்திரி மண்டபத்தில் ஒன்பது மாலையும் கச்சேரி. சுவாதித் திருநாள் மகாராஜா (1813–1846) இயற்றிய ஒன்பது கிருதிகள் நாளுக்கு ஒன்றாக வைக்கப்பட்டிருக்கின்றன. ராக வரிசை இது: முதல் நாள் சங்கராபரணம், இரண்டாம் நாள் கல்யாணி, பிறகு சாவேரி, தோடி, பைரவி, பந்துவராளி, சுத்த சாவேரி, நாட்டக்குறிஞ்சி, ஒன்பதாம் நாள் ஆரபி. பாடவருபவர் யாராக இருந்தாலும் அன்றைய கிருதிதான் அன்றைய கச்சேரியின் நடுநாயகம். எண்ணெய் விளக்கின் வெளிச்சம். கைதட்டல் கிடையாது.

இந்த ஏற்பாட்டில் நான் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. வரம்பு இருந்தால் காது கூர்மையாகிறது. நாளை தோடி என்று முன்பே தெரிந்தவர் தோடிக்காகவே வந்து உட்காருகிறார். போன ஆண்டு ஒருவர் பாடியதையும் இந்த ஆண்டு இன்னொருவர் பாடுவதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார். வாரத்துக்கு ஒரு தலைப்பு என்று நீங்கள் வைத்தால், அடுத்த ஞாயிறுவரை அந்தத் தலைப்பு உங்கள் மனத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். தேட வேண்டிய பாட்டு தானாகக் கண்ணில் படும்.

அதே மண்டபத்திலிருந்து இன்னொரு பாடமும் வருகிறது. அது உங்கள் பாறசாலைக்காரர் ஒருவர் கற்றுத் தந்தது. பாறசாலை பி. பொன்னம்மாள் 1924இல் பிறந்தவர். திருவனந்தபுரத்தில் இன்று சுவாதித் திருநாள் பெயரில் இருக்கும் இசைக் கல்லூரியின் முதல் மாணவி. ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதரிடமும் செம்மங்குடி சீனிவாச ஐயரிடமும் கற்றவர். திருப்பூணித்துறை ஆர்.எல்.வி. கல்லூரிக்கு முதல் பெண் முதல்வரானவர். எத்தனையோ பேருக்கு நவராத்திரி கிருதிகளைச் சொல்லிக் கொடுக்கும் தகுதி அவருக்கு இருந்தது. அந்த மண்டபத்தில் அமர்ந்து பாடும் வாய்ப்பு மட்டும் இல்லை, ஏனென்றால் அங்கே பெண்கள் பாடும் வழக்கமே அப்போது இருந்ததில்லை. 2006இல்தான் அந்தக் கதவு திறந்தது. அங்கே பாடிய முதல் பெண்ணாக அவர் அமர்ந்தபோது வயது 81. 2017இல் பத்மஸ்ரீ வந்தது. 2021 ஜூனில் மறைந்தார்.

அவரிடம் பாடம் கேட்டவர்களில் ஒருவர் நெய்யாற்றின்கரை வாசுதேவன் (1940–2008). திருவனந்தபுரம் வானொலியின் கலைஞர், 2004இல் பத்மஸ்ரீ பெற்றவர். பாறசாலை சொல்லிக் கொடுத்து நெய்யாற்றின்கரை பாடியிருக்கிறது என்பதை நினைத்தாலே எனக்குப் பெருமையாக இருக்கிறது. உங்களில் எத்தனை பேர் இந்த இருவரின் குரலையும் கேட்டிருக்கிறீர்கள்? இணையத்தில் தேடினால் இருவர் பாடியதும் கிடைக்கிறது. உங்கள் முதல் பட்டியல்களில் ஒன்று இவர்கள் இருவருக்கும் உரியதாக இருக்கட்டும். இனி எந்தப் பட்டியல் போட்டாலும் அனுப்புவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இதில் யார் விடுபட்டிருக்கிறார்கள்? ஒன்பதும் ஆண் குரலா, ஒன்பதும் சினிமாவா, ஒன்பதும் நேற்று வந்தவையா? இருந்தால் ஒன்றிரண்டை மாற்றுங்கள். மாற்றுவதற்கு 81 வயதுவரை யாரையும் காத்திருக்க வைக்கக் கூடாது.

இரண்டு மொழியும் கலந்து பிறந்த பாட்டு என்றேனே, இப்போது அதற்கு, வில்லுப்பாட்டுக்கு வருகிறேன். பனைமரத்து வில்லில் மணி கட்டி, வீசுகோலால் நாணைத் தட்டி, குடமும் உடுக்கையும் தாளமும் கட்டையும் சேர, கோயில் கொடை விழாவில் கதை சொல்லிப் பாடும் வில்லுப்பாட்டு நம் மண்ணின் பாட்டு. தெற்கே கன்னியாகுமரி மாவட்டம் முழுக்க அது தமிழில் ஒலிக்கிறது. வடக்கே நம் பக்கம் வில்லடிச்சான் பாட்டு என்ற பெயரில் மலையாளமும் பேசுகிறது. நடுவில் இரண்டும் கலந்த நடையில் பாடிய கதைகள் பல. இரவிக்குட்டிப் பிள்ளை போர் என்ற கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 1634இல் திருமலை நாயக்கரின் படையோடு கணியாகுளத்தில் நடந்த சண்டையில் மடிந்த வேணாட்டுப் படைத்தலைவனின் கதை அது. தமிழ் ஆய்வாளர்கள் அதைக் கதைப்பாடல்களில் சேர்த்துப் பேசுகிறார்கள். மலையாள இலக்கிய வரலாற்றுக்காரர்கள் தெக்கன் பாட்டுகளில் சேர்க்கிறார்கள். இருவரும் சொல்வது சரி. பாடியவர்களுக்கும் கேட்டவர்களுக்கும் அது ஒரே பாட்டாகத்தான் இருந்தது.

பிறகு எல்லைக்கோடு வந்தது. 1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தில் இணைந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. அலுவலகங்களும் பாடப்புத்தகங்களும் பிரிந்தன. கொடைக்கு வில்லுக்காரரை அழைக்கப் போனவர்கள் மட்டும் எல்லை பார்க்கவில்லை. நாகர்கோவிலில் அ.கா. பெருமாள் போன்றவர்கள் பல்லாண்டுகள் அலைந்து இந்தக் கதைகளைத் திரட்டி அச்சில் ஏற்றியிருக்கிறார்கள். அச்சில் சொல் இருக்கும். மெட்டும் மூச்சும் நாணின் அதிர்வும் பாடுகிறவரோடுதான் இருக்கும். உங்கள் கையில் இருக்கும் போன் அதைப் பிடித்துவைக்கப் போதும்.

சபைப் பாட்டும் அப்படித்தான். தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் (1774–1864) தமிழ்க் கீர்த்தனைகள் லண்டன் மிஷன் சபைகள் வழியாக நம் ஊர்களுக்குள் வந்தன. நெய்யாற்றின்கரையை அடுத்த திருப்புறத்தில் 1847இல் பிறந்த மோசவல்சலம் சாஸ்திரியார் மலையாளத்தில் கீர்த்தனைகள் எழுதினார். அவை இன்றும் கேரளச் சபைகளில் பாடப்படுகின்றன. 1959இல் இந்தச் சபைகளின் தென் திருவிதாங்கூர்ப் பேராயமும் தென் கேரளம், கன்னியாகுமரி என்று இரண்டானது. பாடகர் குழுவில் இருக்கும் தங்கைமாருக்கு நான் சொல்வது: இந்த இருவரின் கீர்த்தனைகளையும் அடுத்தடுத்து வைத்து ஒரு ஞாயிறு அனுப்புங்கள்.

நெய்யாற்றங்கரையில் அருவிப்புறம் இருக்கிறது. 1888இல் நாராயண குரு அங்கே சிவலிங்கம் நாட்டினார் என்பதைப் பாடத்தில் படித்திருப்பீர்கள். அவர் தமிழில் தேவாரப் பதிகங்கள் பாடியவர் என்பதை எல்லோரும் சொல்லித் தருவதில்லை. மலையாளத்தில் அவருடைய குண்டலினிப் பாட்டையும் தமிழில் அவருடைய பதிகம் ஒன்றையும் ஒரே பட்டியலில் கேட்டால், நீங்கள் வளர்ந்த விதம் புதுமையோ குறையோ அல்ல, இந்த மண்ணின் பெரியவர்கள் வாழ்ந்த விதமே அதுதான் என்பது புரியும்.

பாட்டைத் தேர்ந்து கோத்துக் கொடுக்கும் வேலையை உங்களுக்கு முன்பும் செய்திருக்கிறார்கள். இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்புக்கு இந்தத் தென்கோடி முழுக்கக் காது கொடுத்திருந்தது. அதில் ‘இசையும் கதையும்’ என்றொரு நிகழ்ச்சி. நேயர் எழுதிய கதையை வாசித்துக்கொண்டே, அந்தந்த இடத்துக்குப் பொருந்தும் பாட்டைச் சேர்ப்பார்கள். பலமுறை கேட்ட பாட்டு அந்தக் கதைக்குள் வரும்போது புதிதாகப் பொருள் தரும். பிறகு கேசட் காலம். துண்டுத்தாளில் பாட்டுப் பெயர்களை எழுதி ரெக்கார்டிங் சென்டரில் கொடுத்துவிட்டுக் காத்திருந்த தலைமுறை உங்கள் அப்பா அம்மாவுடையது. அறுபது நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு முப்பது நிமிடம். ஆறேழு பாட்டுக்குமேல் ஏறாது. அதனால் ஒவ்வொன்றுக்கும் யோசித்தார்கள், எதற்குப் பின் எது என்று வரிசை பார்த்தார்கள். வீட்டில் அந்தக் கேசட்டுகள் பரணில் இருந்தால் எடுத்து, அட்டையில் எழுதியிருக்கும் வரிசையைப் படியுங்கள். தமிழும் மலையாளமும் அதில் சேர்ந்தே இருப்பதைக் காண்பீர்கள்.

தலைப்பு எப்படி வைப்பது? சில எடுத்துக்காட்டுகள் தருகிறேன், தொடங்குவதற்காக.

‘கல்யாணி’ என்று வையுங்கள். நவராத்திரி இரண்டாம் நாளின் கிருதி ‘பாஹி மாம் ஸ்ரீ வாகீஸ்வரி’யில் தொடங்குங்கள். அடுத்து ‘திருவருட்செல்வர்’ (1967) படத்தில் பி. சுசீலா பாடிய ‘மன்னவன் வந்தானடி’. மெட்டமைத்தவர் நாகர்கோவில் கிருஷ்ணன்கோவிலில் பிறந்த கே.வி. மகாதேவன். பிறகு ‘தாய் மூகாம்பிகை’ (1982) படத்தில் இளையராஜா பாடிய ‘ஜனனி ஜனனி’. மூன்றையும் ஒரே மூச்சில் கேளுங்கள். ராகத்தின் இலக்கணம் ஒன்றும் தெரியாதவருக்கும் மூன்றுக்குள்ளும் ஓடும் ஒரே முகம் தெரிந்துவிடும். நூறு விளக்கத்தைவிட அந்த வரிசை நன்றாகச் சொல்லிக் கொடுக்கும்.

‘ஒரு மெட்டு, பல ஊர்’ என்று வையுங்கள். 1982இல் ‘ஓளங்கள்’ என்ற மலையாளப் படத்துக்கு இளையராஜா போட்ட மெட்டு ஒன்று, அதே ஆண்டில் தமிழ் ‘ஆட்டோ ராஜா’விலும் வந்தது. 2009இல் ‘பா’ என்ற இந்திப் படத்தில் மறுபடி வந்தது. எது முதலில் மனத்தில் பதிந்ததோ அதுதான் அசல் என்று ஒவ்வொருவரும் வாதாடுவீர்கள். வாதாடுங்கள், அதுவும் கேட்பதில் ஒரு பகுதி.

‘எல்லை தாண்டிய குரல்கள்’ என்று வையுங்கள். திருவட்டாறில் 1930இல் பிறந்த கமுகற புருஷோத்தமன் மலையாளத் திரையின் தொடக்ககாலக் குரல்களில் ஒன்றானார். இன்று அவர் ஊர் தமிழ்நாட்டில். ‘தாலாட்டு’ என்று வையுங்கள். சுவாதித் திருநாள் பிறந்தபோது இரயிம்மன் தம்பி பாடிய ‘ஓமனத்திங்கள் கிடாவோ’வை முதலில் வைத்து, அதற்குப் பின் உங்கள் வீட்டுப் பாட்டி பாடும் தாலாட்டைப் பதிவுசெய்து சேருங்கள். ராஜா வீட்டுத் தொட்டிலுக்கும் ஓலை வீட்டுத் தொட்டிலுக்கும் ஒரே பட்டியலில் இடம் இருக்கட்டும்.

நடைமுறைக்குச் சில சொல்கிறேன். ஒன்பதைத் தாண்டாதீர்கள். பாறசாலையில் பேருந்து ஏறி, திருவனந்தபுரம் தம்பானூரில் இறங்குவதற்குள் ஒன்பதையும் கேட்டு முடித்துவிடலாம். வாரம் ஒருவர் என்று முறை வையுங்கள். பாட்டில் ஆர்வம் குறைந்தவருக்கும் முறை வரட்டும். அவர் கொண்டுவரும் பாட்டுதான் பலசமயம் எவரும் எதிர்பாராததாக இருக்கும். முறை வந்தவர் தேர்ந்ததை அந்த வாரம் குறை சொல்லாமல் முழுதும் கேளுங்கள், பிறகு பேசுங்கள். பாட்டின் பெயரோடு பாடியவர், இசையமைத்தவர், எழுதியவர், ஆண்டு ஆகியவற்றைச் சேர்த்துப் போடுங்கள். பெயர் சொல்லாமல் பாட்டை மட்டும் எடுத்துக்கொள்வது உழைத்தவருக்குச் செய்யும் அநியாயம்.

காரணம் சொல்வதை எழுத்தில் செய்ய வேண்டாம், குரலில் செய்யுங்கள் என்பது என் வேண்டுகோள். உங்களில் பலருக்குத் தமிழ் எழுத்து வராது, எல்லைக்கு அப்புறம் இருக்கும் நண்பர்களுக்கு மலையாள எழுத்து வராது. வாய்ஸ் நோட் அனுப்பினால் இருவருக்கும் எட்டும். பொழியூர்க்காரர் சொல்வதை நீரோடிக்காரர் கேட்டுப் புரிந்துகொள்வார். நீங்கள் வீட்டில் பேசும் பேச்சிலேயே சொல்லுங்கள். அந்தப் பேச்சில் ஒரு பாட்டைப் பற்றிப் பேச முடியும் என்பதை நீங்களே கேட்டுப் பழக வேண்டும்.

ஊர்ப் பாடகர்களைப் பதிவுசெய்யும்போது கவனம் வேண்டும். முதலில் அனுமதி கேளுங்கள். யாருக்கெல்லாம் அனுப்பப் போகிறீர்கள் என்று சொல்லுங்கள். கோயிலில் பாட வேண்டியதை வெளியில் பாட அவர் தயங்கினால் வற்புறுத்தாதீர்கள். பெயர், ஊர், யாரிடம் கற்றார், என்று பதிவானது என்பதை அவர் குரலிலேயே தொடக்கத்தில் சொல்லச் சொல்லுங்கள். பதிவின் ஒரு பிரதியை அவர் வீட்டுக்கே கொடுங்கள். வில்லுக்காரர்களுக்குப் பாட்டு பிழைப்பும்கூட. அவர்களைக் கொடைக்கும் கல்லூரி விழாவுக்கும் அழைத்து, உரிய சன்மானம் கொடுக்கச் செய்வதும் உங்கள் பட்டியலின் வேலைதான்.

இதனால் என்ன ஆகிவிடும் என்று சிலர் கேட்பார்கள். கேட்கிற காது இருக்கும்வரை பாடுகிறவருக்குக் காரணம் இருக்கும். நம் ஊரில் மொழிச் சிறுபான்மை என்ற சொல் மனுக்களில்தான் அதிகம் வருகிறது. பள்ளியில் தமிழ்ப் பாடம் வேண்டும், அலுவலகத்தில் தமிழ்ப் படிவம் வேண்டும் என்று கேட்பது நியாயம், அது தொடர வேண்டும். ஆனால் உரிமையாகக் கேட்டு வாங்குவதைத் தினமும் ஆசையோடு புழங்குகிறவர்கள் இருந்தால்தான் அது உயிரோடிருக்கும். எழுதத் தெரியாத தமிழையும் பாட்டாகக் காப்பாற்றி வைத்திருக்கிறீர்கள் நீங்கள். பக்கத்தில் மலையாளத்தையும் அதே அன்போடு வைத்திருக்கிறீர்கள். இரண்டில் ஒன்றை விடச் சொல்லும் எவருக்கும் உங்கள் பட்டியலே பதில்.

வருகிற ஞாயிற்றுக்கிழமையே தொடங்குங்கள். தலைப்பு ‘பாறசாலையும் நெய்யாற்றின்கரையும்’. முதல் பாட்டு பொன்னம்மாள், இரண்டாவது வாசுதேவன். மூன்றாவது உங்கள் ஊர்க் கொடையில் பாடும் வில்லுக்காரர். மீதி ஆறு பாட்டை நீங்கள் தேடிக் கொண்டுவாருங்கள். எனக்கும் அனுப்புங்கள். நான் கேட்டிராத ஆறு பாட்டு அதில் இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

அன்புடன்,
எல்லையோரத்து ஊர்க்காரர் ஒருவர்